இரண்டு பாதி போன பிறகு

அன்று மத்தியானம் அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்.

சைட் இன்சார்ஜ். பேர் வேண்டாம்.

ஜீப் டிரைவர்.

அஞ்சலை. விடியற்காலையில் உப்பு வாருகிறவள். மத்தியானத்தில் எங்களுக்குக் கயிற்றுக் காவல். சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி யாரும் உள்ளே வராமல் பார்ப்பாள்.

ஏழுமலை. பக்கத்து மீனவ ஊரான அனுமந்தைக்காரன். சுனாமியில் படகு போய், எங்களிடம் கூலிக்கு வந்தவன்.

நான்.

கம்பெனி எழுதிய அறிக்கையில் வேலையில் நின்றவர்கள் நாலு பேர் என்றுதான் இருக்கும். அந்தக் கணக்கில் ஏழுமலை பேர் இருக்காது. அவனுக்கு பேட்ஜ் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன அட்டைதான் பேட்ஜ். உடம்பில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று அது கணக்கு வைக்கும். அது இல்லாதவன் எங்கள் வேலையில் நிற்கவே கூடாது என்பது சட்டம். நின்றவன் பேரை எழுதினால் சட்டம் மீறியது தெரிந்துபோகும். அதனால் எழுதவில்லை. நான் அவனையும் சேர்த்து எண்ணிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

புதிதாக ரேடியோகிராபி வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். இந்தத் தொழிலில் கடைசி வரை உதவியாளாகவே இருந்து ஓய்வு பெற்றேன். என் பேரில் ஒரு சான்றிதழும் இல்லை. எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் எனக்குத் தெரிந்த எல்லாம் இருக்கிறது.

சுனாமிக்கு அடுத்த கோடை, 2005. மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரசாயனத் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரிலிருந்து மருந்துச் சரக்கு எடுப்பதற்கு. நீராவி போகிற இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து இணைத்திருந்தார்கள். வெல்டிங்குக்குள்ளே ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பது போலத்தான். அங்கே மின்சாரம். இங்கே இரிடியம்.

இரிடியம் ஓர் உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதைச் சின்னக் குப்பியில் அடைத்து, சாண் நீளக் கம்பியின் நுனியில் வைத்திருப்பார்கள். அதற்கு சோர்ஸ் என்று பேர். கனமான ஒரு பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கும். பெட்டியைக் கேமரா என்போம். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், ஒரு கேபிள் சோர்ஸைத் தள்ளிக்கொண்டு போகும். அது ஒரு ரப்பர் டியூபுக்குள் ஓடி, வெல்டிங் பக்கத்தில் போய் நிற்கும். படம் எடுத்ததும் திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். வர வேண்டும். கேபிளும் சோர்ஸும் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டியிருக்கும். எல்லாம் அந்தக் கொக்கியில் இருக்கிறது.

மற்ற ஊர்களில் இந்த வேலையை ராத்திரியில் செய்வோம். ஆள் நடமாட்டம் இருக்காது. மரக்காணத்தில் முடியாது. உப்பு வாருகிறவர்கள் மூன்று மணிக்கெல்லாம் பாத்திக்கு வந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் போய்விடுவார்கள். மத்தியானம் ஈ காக்காய் இருக்காது. ஆகவே நாங்கள் மத்தியானத்தில் எடுத்தோம். கீழே உப்பு, மேலே சூரியன். கண்ணைத் திறந்து, கதிரைக் காட்டுகிற மீட்டரைப் பார்ப்பதே கஷ்டம்.

*

கதிர் என்றால் என்ன என்று எனக்குச் சொன்னவர் எங்கள் ரேடியோகிராபர். லைசென்ஸ் அவரிடம்தான். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் டீக்கடையில் சொன்னார். அந்த உளுத்தம்பருப்புக்குள்ளே இருக்கிற அணுக்கள் நிலைகொள்ளாதவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நேரம் மாறிவிடும். மாறும்போது கதிரை வீசும். எது எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நிமிஷம் மாறலாம், வருஷம் கழித்தும் மாறலாம். ஆனால் மொத்தத்தில் பாதி எழுபத்து நாலு நாளில் மாறியிருக்கும். அது மட்டும் தப்பாது. நெருப்பில் போட்டாலும், ஐஸில் வைத்தாலும், உப்பில் புதைத்தாலும் அந்த எழுபத்து நாலு எழுபத்து நாலுதான்.

அடுத்த எழுபத்து நாலு நாளில்? மீதியில் பாதி. மீதி முழுவதும் மாறிவிடாது. இதை இரண்டு தடவை படியுங்கள்.

எனக்கு இது சட்டென்று புரிந்தது. நான் உப்பளத்துக் குடும்பம். அங்கே கணக்குப்பிள்ளை மூட்டை எண்ணும்போது சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம். ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. எவ்வளவு இறங்கினாலும் அதற்குக் கீழே இன்னொரு பேர் இருக்கும். பூஜ்யம் வராது.

எங்கள் சோர்ஸ் வந்தபோது முப்பத்திரண்டு க்யூரி. க்யூரி என்பது அதன் பலத்துக்கு அளவு. எழுபத்து நாலு நாளில் பதினாறு. இன்னொரு எழுபத்து நாலில் எட்டு. பலம் குறையக் குறைய, படம் விழ நேரம் கூடும். முதலில் ஒரு படத்துக்கு மூன்று நிமிஷம் போதும். பிறகு ஆறு. அந்தக் கோடையில் பன்னிரண்டு. வெயிலில் பன்னிரண்டு நிமிஷம் சும்மா நிற்பது லேசு இல்லை. எல்லோருக்கும் அந்த சோர்ஸ் மேல் ஒரு அலட்சியம் வந்துவிட்டது. கிழட்டு மாடு மேல் வருகிற மாதிரி.

ஏழுமலை ஒரு நாள் வேலிகாத்தான் மரத்து நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டான்.

"எழுவத்தி நாலு நாள்ல பாதி செத்துச்சி. இன்னொரு எழுவத்தி நாலு போச்சி. மீதிப் பாதியும் செத்திருக்கணுமில்ல? செத்தத வெச்சி இன்னா படம் எடுக்கிறீங்க?"

டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரம். மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சொல்லவில்லை.

அது என் முதல் தப்பு. சின்னதாகத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் கணக்கைத் தப்பாகப் போட்டால், சோற்றை வைத்துவிட்டுத் திருத்துங்கள்.

*

இரண்டாவது தப்பை இதுவரை எந்த விசாரணையிலும் நான் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். உப்பளத்தில் பம்ப், மதகுத் திருகு, கதவுக் கீல் எதுவானாலும் பழைய இன்ஜின் ஆயில் தடவி வைப்போம். உப்பளத்துக்காரன் கைக்கு அது பழக்கம். கேமராவின் கொக்கியில் துரு ஏறுவதை நான் பார்த்தேன். அதைத் தினம் காலையில் ஒரு சின்னத் தகட்டால் அளந்து பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டும். அளந்தால் மாற்றச் சொல்லும், மாற்றினால் வேலை நிற்கும், இன்சார்ஜ் கத்துவார். ஆகவே அளக்காமல் எண்ணெய் போட்டேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன். நல்லது செய்கிற நினைப்பில் போட்டேன்.

எண்ணெயில் உப்புத் தூள் ஒட்டியது. மணல் ஒட்டியது. கொக்கிக்குள்ளே மாவு மாதிரி அடைத்துக்கொண்டது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஊசி முழுதாக விழவில்லை. மாட்டின மாதிரி இருந்தது. மாட்டவில்லை.

அன்று ரேடியோகிராபர் ஊரில் இல்லை. வீட்டு வேலையாக மெட்ராஸ் போயிருந்தார். போவதற்கு முன்னாலேயே வேலை நோட்டில் அன்றைய பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் இல்லாமல் கேமராவைத் திறக்கவே கூடாது. திறந்தோம். நாலு மணிக்குப் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் நாலு வெல்டிங் ஜாயின்ட் எடுக்க வேண்டும் என்று இன்சார்ஜ் ஒற்றைக் காலில் நின்றார்.

முதல் ஜாயின்ட். பன்னிரண்டு நிமிஷம். திருப்பிச் சுற்றினேன். கைப்பிடி வழக்கமான இடத்தில் வந்து நின்றது. கேபிள் வந்துவிட்டது. பூட்டும் விழுந்தது. சோர்ஸ் வரவில்லை. அது டியூப் நுனியிலேயே இருந்தது. எனக்குத் தெரியாது.

தெரியாது என்று எழுதினேன். அது பொய். மீட்டர் சொன்னது.

படம் எடுத்த பிறகு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போக வேண்டும். போனேன். பத்தடி போவதற்குள் கத்த ஆரம்பித்தது. முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாளைக்கு முன்னால்கூட இப்படிக் கத்தியது. அப்போது பேட்டரி முனையில் உப்புத் துரு. பிளேடால் சுரண்டினேன், அடங்கியது. ஆகவே இதுவும் அதுதான் என்று நினைத்தேன். தொடையில் இரண்டு தட்டு தட்டினேன். அடங்கவில்லை.

"இன்னாய்யா?" என்றார் இன்சார்ஜ்.

"உப்பு, சார்."

"மீட்டர வெச்சி ஜாதகம் பாத்துக்கினு நிக்காத. அது பழைய சோர்ஸு. கழட்டு."

மீட்டரை அணைத்தேன்.

மீட்டர் பழுது என்று உங்களுக்குத் தோன்றினால், அதை இன்னொரு மீட்டர் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லக் கூடாது. ஒன்றும் இல்லை என்று காட்டுகிற மீட்டரைச் சந்தேகப்படுங்கள். கத்துகிற மீட்டரை நம்புங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

பெட்டிப் பக்கம் டியூபை நான் கழற்றினேன். குழாய்ப் பக்கம் ஏழுமலை. அவன் படகுக்காரன். கயிற்றை எப்படிச் சுருட்டுவானோ அப்படித்தான் டியூபையும் சுருட்டுவான். நுனியை இடது உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, முழங்கையைச் சுற்றி, மறுபடியும் உள்ளங்கைக்கு. அழகாக இருக்கும். நுனியில்தான் அது இருந்தது. சுருட்டியதைப் பிடித்தபடியே வரப்பில் ஜீப்பை நோக்கி நடந்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அஞ்சலை என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்பா, உன் கையில இருந்த பொட்டி அந்தக் கத்து கத்துச்சே. வாய அடச்சிட்டியே?"

"உப்புக் காத்து. கெட்டுப் போச்சி."

"முப்பது வருசமா உப்புலதான் நிக்கிறேன். என் வாய் கெட்டுப் போச்சா?"

ஏழுமலை திரும்பி, உன் வாயை எந்த உப்பும் ஒண்ணும் பண்ணாது என்று சிரித்தான். டியூபை ஜீப் பின்னால் ஆணியில் மாட்டினான். கை கழுவிக்கொண்டு சோற்றுப் பானையோடு மரத்தடிக்குப் போனான்.

*

நான் படத்தைக் கழுவத் தகரக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே இருட்டு. படம் முழுக்கக் கறுப்பு. வெல்டிங்கும் இல்லை, குழாயும் இல்லை. நேரம் தப்பாக வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஜீப்பிலிருந்து புது ஃபிலிம் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். டிரைவர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜீப்பிலேயே போய்ப் படுத்திருந்தார். அந்தப் பெட்டியைப் பிரித்து, ஒன்றும் எடுக்காத படம் ஒன்றைக் கழுவினேன். அதுவும் கறுத்திருந்தது.

ஒரு படம் கறுத்தால் அது என் தப்பாக இருக்கலாம். பெட்டிக்குள்ளே பேசாமல் கிடந்த படம் ஏன் கறுக்க வேண்டும்?

மீட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஜீப் பக்கம் நாலடி வைத்தேன். முள் ஏறியது. இரண்டடி பின்னால் வந்தேன். இறங்கியது. உப்புத் துருவாக இருந்தால் இறங்காது.

சோர்ஸ் ஜீப்பில் தொங்குகிற டியூபுக்குள் இருந்தது. கத்தினால் எல்லோரும் ஜீப் பக்கம்தான் ஓடி வருவார்கள். கத்தவில்லை. டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இந்தப் பக்கமாக இறங்கி நேரே அஞ்சலையிடம் நடக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். நடங்க, அப்புறம் சொல்றேன் என்றேன். அஞ்சலையைக் கயிற்றோடு இன்னும் தள்ளிப் போகச் சொன்னேன். அவள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

இன்சார்ஜுக்கு விஷயம் புரிந்தது. மணியைப் பார்த்தார். ஒன்றரை.

"ஏழுமல. நீதான ஏற்கெனவே தூக்கினே. ஒரே ஓட்டமா போயி, எடுத்துக் கேமராகிட்ட போட்டுட்டு வந்துரு. ஒரு நிமிசம்."

ஏழுமலை சோற்றுக் கையோடு எழுந்தான். கூலிக்கு வந்தவன். சொன்னால் எழுந்துவிடுவான்.

"உக்காரு" என்றேன்.

"நீ யாருய்யா சொல்றதுக்கு? ரேடியோகிராபரா?"

"இல்ல சார். உதவியாளு. அவன் கை இனிமே அதுகிட்டப் போவாது. வேணும்னா நீங்க போங்க."

அவர் போகவில்லை.

அந்த நாளில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். இப்படி ஒரு நேரம் வந்தால் யாரோ ஒருவர் சீக்கிரம் என்று சொல்வார். சோர்ஸுக்கு அவசரம் கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் அது எவ்வளவு நேரம் கிடந்தாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. இரண்டு மடங்கு தூரம் போனால் கால் பங்குதான் வரும். நாலு மடங்கு போனால் வீசம்தான். கதிரைத் தடுக்க ஈயம் இல்லாவிட்டாலும் தூரம் எப்போதும் இருக்கிறது. காசு கேட்காது. ஒதுங்கி நின்று, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டேன். ரேடியோகிராபர் கார் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். நீளக் கிடுக்கியும் ஈயப் பானையும் கொண்டுவந்தார். எப்படிப் போவது, எந்தக் கையில் எது என்று தூரத்தில் நின்று மூன்று முறை வெறும் கையால் செய்து பார்த்தார். பிறகு போனார். நாங்கள் சத்தமாக எண்ணினோம். நாற்பது எண்ணுவதற்குள் திரும்பிவிட்டார். சோர்ஸ் பானைக்குள் இருந்தது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அஞ்சலையின் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி ஏழுமலையிடம் கொடுத்தார். மத்தியானம் செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னார். அவசரம் வேண்டாம், அப்போ எப்படி நடந்தியோ அப்படி என்றார். ஏழுமலை நுனியைப் பிடித்தான், சுருட்டினான், வரப்பில் நடந்தான். அஞ்சலை நின்ற இடத்தில் திரும்பிச் சிரித்தும் காட்டினான். ரேடியோகிராபர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தார். ஜீப் ஆணியில் மாட்டியதும் நிறுத்தினார். நூற்றுத் தொண்ணூறு வினாடி.

எட்டு க்யூரி. உள்ளங்கைக்குள். நூற்றுத் தொண்ணூறு வினாடி. அவர் மனசுக்குள் பெருக்கியது எனக்குத் தெரிந்தது. ஏழுமலையின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். லேசாகச் சிவந்திருந்தது. வெயிலில் சிவந்த மாதிரி.

இன்சார்ஜையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஏழுமலை உடம்புக்கோ டிரைவருக்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. கைக்குத்தான். இப்போது ஒன்றும் தெரியாது. சிவப்புகூடப் போய்விடும். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். நாளைக்கே மெட்ராஸில் விவரம் தெரிந்த டாக்டரிடம் காட்ட வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

சரி என்றார் இன்சார்ஜ். ரேடியோகிராபர் பானையோடு ராத்திரியே கிளம்பினார்.

மறுநாள் இன்சார்ஜ் மெட்ராஸுக்கு போன் போட்டு, அந்த நோட்டில் இருக்கிற கையெழுத்தைப் பற்றி அவரிடம் பேசினார். அதன் பிறகு ரேடியோகிராபர் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். ஏழுமலை என்ற வெளி ஆள் சூடான வெல்டிங்கைத் தெரியாமல் தொட்டுவிட்டான், நான் பார்த்தேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் கேபிளைப் பிரித்துப் பார்ப்பார்கள். கொக்கியில் எண்ணெய் இருக்கும். இருக்காது, முதல் நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிட்டேன். ஆனாலும் போட்டேன்.

அவருக்கு அவர் கையெழுத்து. எனக்கு என் எண்ணெய். ஆளுக்கு ஒன்று இருந்தது. ஏழுமலைக்குத்தான் மறைக்க ஒன்றும் இல்லை. பைப்பு சுட்டுடுச்சின்னு சொல்லு, வேல போவாது என்று அவனிடம் சொன்னார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சொன்னான்.

*

மூன்றாம் நாள் சிவப்பு போனது. கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். ஒண்ணுமில்லண்ணா, செத்த சோர்ஸுதான் என்றான். நானும் அப்படியே நம்ப ஆசைப்பட்டேன்.

பதினாறாம் நாள் கொப்புளம். மரக்காணத்திலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்ன ஆச்சு என்று கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தான். சூடான பைப்பு என்றேன். நெருப்புப் புண்ணுக்கு மருந்து போட்டார். தினம் கட்டு மாற்றினார்கள். தினம் புண் பெரிதானது. நடு மூன்று விரலும் நுனியில் கறுத்தன.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது அவன் என்னைக் கேட்டான்.

"நெருப்புன்னா ஆறணுமில்லண்ணா? இது ஏன் உள்ள உள்ள போயிக்கினே இருக்குது?"

வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். சோர்ஸ், டியூப், நூற்றுத் தொண்ணூறு வினாடி. எண்ணெயை மட்டும் சொல்லவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தினார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. அன்றைக்கே மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே மூன்று விரலை எடுத்தார்கள். இரண்டு தடவையாக. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். விரல் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம் என்றார். இவ்வளவு வலி இருந்திருக்காது, அது நிச்சயம் என்றார்.

அதன் பிறகு அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். அஞ்சலை மீட்டர் பொட்டி கத்தினதைச் சொன்னாள். கைநாட்டு வைத்தாள். அந்தத் தாள் எங்கே போனது என்று தெரியாது. ரேடியோகிராபரின் லைசென்ஸ் போனது. இன்சார்ஜ் வேறு சைட்டுக்கு மாறினார். என்னை அனுப்பிவிட்டார்கள். வேறு கம்பெனியில் சேர்ந்தேன்.

அனுமந்தையில் ஏழுமலை தொட்ட சோற்றை யாரும் தொடவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயம். படகில் ஏற்றவில்லை. நான் போய்ச் சொன்னேன். விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா? இந்தக் கதிரும் அப்படித்தான். பட்டது பட்டதுதான், அவன் உடம்பில் ஒன்றும் தங்கவில்லை, அவனிடமிருந்து யாருக்கும் போகாது. தலையை ஆட்டினார்கள். நம்பவில்லை. பார்க்க வந்த அஞ்சலை அவன் சொம்பை வாங்கி அண்ணாந்துகூடக் குடிக்காமல் வாய் வைத்தே குடித்தாள். எல்லோரும் பார்க்கும்படி குடித்தாள். நான் சொன்னதைவிட அது கொஞ்சம் வேலை செய்தது.

உங்களிடமும் கேட்பார்கள். ஒட்டுமா என்று. பொறுமையாகச் சொல்லுங்கள். சொன்னால் போதாது, பக்கத்தில் உட்காருங்கள்.

*

2006 முடிகிற நேரம் அவனைப் பார்க்கப் போனேன். வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். வலையைப் பிடிக்க இடது கை உதவாது. கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, வலது கையால் ஊசி ஓட்டினான். மற்றவர்கள் பின்னுவதில் பாதிதான் ஆகும்.

சுவரில் ஆணியில் ஒரு கயிறு தொங்கியது. அதில் முடிச்சுகள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தான். எழுபத்து நாலு நாளுக்கு ஒரு முடிச்சு என்றான். காலண்டரைப் பார்த்து வீட்டில் நாள் எண்ணிச் சொல்வார்களாம். அன்றைய மத்தியானத்திலிருந்து எட்டு முடிச்சு ஆகியிருந்தது.

"இப்ப எவ்ளோண்ணா இருக்கும் அது?"

அன்றைக்கு எட்டு, முதல் முடிச்சில் நாலு, பிறகு இரண்டு, ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம். முடிச்சைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். கடைசி முடிச்சில் நின்றேன்.

"அரை வீசம்."

"இன்னும் சாவல."

"இல்ல."

"செத்த மீதி எங்க போவும்?"

"எங்கயும் போவாது. அங்கியே வேற ஒண்ணா மாறிடும். கிட்டத்தட்ட எல்லாமே பிளாட்டினம்."

"அப்டின்னா?"

"தங்கத்தவிட வில ஜாஸ்தி. நகை செய்வாங்க."

ஊசி நின்றது. சிரித்தான்.

"என் வெரல தின்னுட்டு நகையாயிடுச்சா? நல்ல பொழப்பு."

நான் போனதே வேறு ஒன்றுக்கு, அதைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று. சொன்னேன். கொக்கியில் எண்ணெய் போட்டவன் நான். அதனால்தான் கழன்றது.

ஊசி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"பாத்தேன். நீ எண்ணெ போடுறப்ப நான் பக்கத்துலதான இருந்தேன். எங்க இன்ஜினுக்கும் அதத்தான் போடுவோம். நல்ல வேலக்காரன்னு நெனச்சேன்."

அவன் இரண்டு கண்ணி போட்டான். வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கயித்த குடுத்து நடக்க வெச்சாரே. அன்னிக்கே தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"எத்தினி நாள் கழிச்சி டாக்டருகிட்ட சொன்னே?"

நாள் எண்ணுகிற வீடு அது. அவனுக்குத் தெரியாமல் இருக்காது. என் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தான்.

"இருபத்தேழு."